மானாவாரியில் மரமும் பயிரும்: தண்ணிக்கும் வெயிலுக்கும் நடக்கும் இழுபறியைச் சமாளிப்பது எப்படி?

மானாவாரி நிலம் வாங்கியதும் பலரும் செய்யும் முதல் வேலை மரக்கன்று நடுவது. அப்புறம் இடையில் கிடக்கும் இடத்தில் சோளமோ உளுந்தோ விதைப்பார்கள். இரண்டு மூன்று வருடம் எல்லாம் நன்றாகத்தான் போகும். நாலாவது வருடம் பார்த்தால் மரத்தை ஒட்டிய நாலைந்து சால் பயிர் முழங்காலைத் தாண்டியிருக்காது. உடனே 'நிழல் அடிக்குது' என்று கிளைகளை மொட்டையடிப்பார்கள். அடுத்த வருடமும் அந்தச் சால்கள் அப்படியேதான் நிற்கும். காரணம், மழையை நம்பிய நிலத்தில் பயிரை முதலில் அடிப்பது பெரும்பாலும் மேலே இருக்கும் நிழல் அல்ல, கீழே இருக்கும் வேர்.

தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்துக் கரிசலிலும், தருமபுரி, திண்டுக்கல், திருப்பூர் பக்கத்துச் செம்மண்ணிலும் புதிதாக இறங்கியிருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கிணறும் சொட்டுநீரும் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. தண்ணீர் தாராளமாக இருக்கும் இடத்தில் வெயில்தான் தட்டுப்பாட்டுச் சரக்கு, கணக்கே வேறு.

முதலில் மழைக் கணக்கு

தெற்கத்திக் கரிசலில் பயிர் விளைவது வடகிழக்குப் பருவத்தில். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றையும் சேர்த்தால் சராசரியாக 400 மி.மீ. வாக்கில் மழை கிடைக்கும். ஒரு மி.மீ. மழை ஒரு ஏக்கரில் விழுந்தால் சுமார் 4,000 லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் சோளத்துக்கு முழு விளைச்சல் வேண்டுமென்றால் அதற்கே 400 மி.மீ.க்கு மேல் தேவை. விழுந்ததில் ஒரு பங்கு ஓடிப்போகும், ஒரு பங்கு வெறும் மண்ணிலிருந்தே ஆவியாகும். ஆக, மரம் இல்லாமலே கணக்கு இடிக்கிறது. அப்படியானால் மரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

'மரம் ஆழத்தில் குடிக்கும், பயிர் மேலே குடிக்கும், சண்டையே வராது' என்று பலர் சொல்வார்கள். ஆழத்தில் தண்ணீர் இருந்தால் அது சரி. உங்கள் நிலத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கடப்பாரை போதும். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, வயலில் மூன்று நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். ஈரம் உள்ளவரை கடப்பாரை இறங்கும், காய்ந்த மண்ணில் முட்டி நிற்கும். நன்றாகக் காய்ந்த நிலத்தில் 25 மி.மீ. மழை செம்மண்ணை ஓர் அடி வரையோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ நனைக்கும், கரிசலை அரையடிக்குக் கொஞ்சம் மேலே நனைக்கும். கரிசல் அதிகத் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதனாலேயே கீழே இறங்குவது மெதுவாகத்தான். பருவம் முழுக்கப் பெய்தும் ஈரம் மூன்றடியைத் தாண்டவில்லை என்றால், மரமும் பயிரும் ஒரே குடத்தில்தான் வாய் வைக்கின்றன. மரத்தின் ஆழ வேர் அங்கே வெறும் பிடிமானம். தண்ணீர் உறிஞ்சும் சன்ன வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடிக்குள்தான் இருக்கும். அவை கிளைகளின் எல்லையோடு நிற்பதுமில்லை. கிளை பரவியதைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரம் போவது சாதாரணம்.

1980களில் ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்தின் பண்ணையில் சூபாபுல் (சவுண்டல்) மர வரிசைகளுக்கு நடுவே சோளம், ஆமணக்கு, தட்டைப்பயறு போட்டுப் பார்த்தார்கள். மரத்தை ஒட்டி விளைச்சல் விழுந்தது. பிறகு மரத்துக்கும் பயிருக்கும் நடுவே மண்ணுக்குள் அரை மீட்டர் ஆழத்துக்கு பாலித்தீன் தாளைச் செங்குத்தாகப் புதைத்தார்கள். இழப்பு மறைந்துவிட்டது. நிழல் அப்படியேதான் இருந்தது, வேர் மட்டும்தான் மறிக்கப்பட்டது.

ஆக, பயிருக்குப் பயன்படாத தண்ணீரை மரத்துக்குக் காட்டிவிடுவதுதான் இதில் உள்ள ஒரே சூட்சுமம். அப்படிப்பட்ட தண்ணீர் மூன்று வகை: சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழை, வயலை விட்டு ஓடிப்போகும் வெள்ளம், பயிர் வேர் எட்டாத ஆழத்தில் தங்கும் ஈரம். மரத்தின் இடம், இனம், எண்ணிக்கை எல்லாவற்றையும் இந்த மூன்றை வைத்தே முடிவு செய்யுங்கள்.

வேரா, நிழலா? கண்டுபிடிக்கும் முறை

ஏற்கெனவே மரம் நிற்கும் நிலத்தை வாங்கியிருந்தால் அரிவாளை எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

மழை விட்டு ஒரு வாரம், பத்து நாள் ஆனதும் காலை பத்து, பதினோரு மணிக்கு வயலுக்குப் போங்கள். மரத்தின் தூரிலிருந்து வெளியே நடந்துகொண்டே பயிரைப் பாருங்கள். மரத்தை ஒட்டிய சோளத்தின் இலை அந்நேரத்துக்கே சுருண்டு குழலாகி, பத்து மீட்டருக்கு அப்பால் உள்ளது விரிந்தபடி நின்றால், வேர் தண்ணீரை இழுக்கிறது. தண்ணீர் போதாத பயிர் குட்டையாக, சின்ன இலையோடு, கணு நெருங்கி இருக்கும். வெயில் போதாத பயிர் அதற்கு நேர்மாறு: தண்டு மெலிந்து நெடுநெடுவென வளரும், கணு இடைவெளி நீளும், இலை வெளிறும், மொத்தச் செடியும் வெளிச்சம் வரும் பக்கம் சாயும். இந்த வித்தியாசம் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

இன்னொரு அடையாளம் திசை. கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நிழல் மரத்துக்கு வடக்கே விழும். வேர் எல்லாப் பக்கமும் போகும். அதனால் மரத்தைச் சுற்றி நாலு பக்கமும் பயிர் ஒரே மாதிரி அடிபட்டிருந்தால் வேர்தான் காரணம். வடக்குப் பக்கம் மட்டும் நொந்திருந்து தெற்குப் பக்கம் தேவலை என்றால் நிழல். மழை பொய்த்த வருடத்தில் இது தலைகீழாகும். நிழல் விழும் வடக்குப் பக்கம்தான் பச்சையாக நிற்கும், ஏனென்றால் அங்கே மண் காய்வது மெதுவாக. அப்படிக் கண்டால் அந்த மரத்தின் கிளையில் கை வைக்காதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையா? ஒரே ஒரு மரத்துக்கு, ஒரு பக்கம் மட்டும், விதைப்புக்கு முன் இரண்டடி ஆழக் கால்வாய் வெட்டி வையுங்கள். அறுவடையின்போது வெட்டிய பக்கத்தையும் வெட்டாத பக்கத்தையும் ஒரே அளவு இடத்தில் அறுத்து நிறுத்துப் பாருங்கள். நிழல் குழப்பாமல் இருக்க கிழக்கு, மேற்குப் பக்கங்களை ஒப்பிடுங்கள், வடக்கு, தெற்கு வேண்டாம். ஒரு பருவத்தில் விடை கிடைத்துவிடும்.

எங்கே நடுவது

புதிதாக நடுபவர்களுக்குத் தண்ணீர் ஓடும் வழிதான் முதல் வரைபடம். கன மழையின்போது குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். எங்கே சேர்கிறது, எங்கே வரப்பை உடைத்துக்கொண்டு வெளியே போகிறது என்று குச்சி நட்டு வையுங்கள். பள்ளத்து மூலை, ஓடைக்கரை, பண்ணைக்குட்டையின் கரை, சரிவின் கீழ் வரப்பு ஆகியவைதான் மரத்துக்கான இடங்கள். அங்கே நிற்கும் மரம் ஓடிப்போகிற தண்ணீரைத்தான் குடிக்கும். வயலின் நட்ட நடுவே நிற்கும் மரம் பயிரின் தண்ணீரைக் குடிக்கும்.

வரிசையாக நடுவதென்றால் சரிவுக்குக் குறுக்கே நடுங்கள், மேல்பக்கம் ஒரு சின்ன வரப்பு போட்டால் தண்ணீர் அங்கே தேங்கி இறங்கும். கிழக்கு மேற்கா, வடக்கு தெற்கா என்ற வெயில் கணக்கு அதற்கு அப்புறம்தான். சரிவே இல்லாத சமதளம் என்றால் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கோவில்பட்டி பக்கம் மார்கழி உச்சிவேளையில் மூன்றடிக் குச்சியை நட்டால் நிழல் ஏறக்குறைய இரண்டடி வடக்கே விழும். அதாவது 18 அடி மரத்துக்கு 12 அடி நிழல், காலையிலும் மாலையிலும் இன்னும் கூட. கிழக்கு மேற்காக வரிசை போட்டால் வடக்குப் பக்கத்து ஒரு பட்டை முழு நாளும் நிழலில் கிடக்கும், மீதி இடைவெளி முழு வெயிலில் இருக்கும். வடக்கு தெற்காகப் போட்டால் நிழல் காலையில் மேற்கிலும் மாலையில் கிழக்கிலும் நகர்ந்து எல்லாச் செடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வரிசைகளுக்கு இடையே 10 மீட்டருக்கு மேல் விடுகிறீர்கள் என்றால் நான் கிழக்கு மேற்கைத்தான் சொல்வேன். அந்த வடக்குப் பட்டையைத் தானியத்துக்கு இல்லை என்று முதல் நாளே எழுதிவிடலாம், மிச்சத்துக்குத் தொல்லை இல்லை.

வரப்பு மரத்திலும் திசை உண்டு. தெற்கு வரப்பில் நெருக்கி நட்டால் புரட்டாசிப் பட்டப் பயிரில் நிழல் உங்கள் வயலில் விழும். வடக்கு வரப்பில் நட்டால் அடுத்தவர் வயலில் விழும், வாய்த் தகராறு நிச்சயம். மேற்கு வரப்பு நல்ல இடம். செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் பகுதிகளில் ஆனி, ஆடிக் காற்று மண்ணையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு போகும். மேற்கே நிற்கும் மரவரிசை தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை அந்தக் காற்றைத் தணிக்கும். அங்கே மரம் கொஞ்சம் தண்ணீர் குடித்தாலும் மிச்சப்படுத்திக் கொடுப்பதும் அதுதான்.

எண்ணிக்கை பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழக அரசின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் வேளாண்மைத் துறை மூலமாகக் கன்றுகள் தருகிறார்கள். வரப்பில் நட ஏக்கருக்கு 50, வயலுக்குள் நட 160 என்பது கணக்கு. இலவசம் என்பதால் 160ஐ வாங்கி நட்டுவிட்டு, இடையில் என்றென்றும் பயிர் செய்யலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏக்கருக்கு 160 என்றால் 5 மீட்டருக்கு 5 மீட்டர். மானாவாரியில் அந்த இடைவெளியில் மூன்று நாலு வருடம் பயிர் எடுக்கலாம், அதற்கு மேல் அது தோப்பு. தோப்புதான் வேண்டும் என்றால் நல்லது. பயிரும் வேண்டும் என்றால் 50ஐ வாங்கி வரப்பில் வையுங்கள், அல்லது 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஏக்கருக்கு 40 மரம் என்று நில்லுங்கள்.

எந்த மரம்

தைலமரம் வேண்டாம். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சீமைக்கருவேலம் ஏற்கெனவே இருந்தால் தூரோடு பிடுங்குங்கள், வெட்டினால் தழைக்கும்.

வேம்பு வைக்கலாம், ஆனால் மழைக்காலத்தில் முழுப் பச்சையாக நின்று பங்கு கேட்கும். ஓரத்தில் வைத்து வருடா வருடம் கழித்தால்தான் அடங்கும். புளியின் அடியில் எதுவும் உருப்படியாக விளையாது. அதற்கு வீட்டோரம், களத்தோரம் போதும். கருவேலம் குளத்துக்குள்ளும் ஓடையோரத்திலும் நிற்கட்டும். முருங்கையின் நிழல் சல்லடை நிழல், பயிரைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. கொடுக்காப்புளி, இலந்தை, நெல்லி, சீத்தா எல்லாம் வறட்சி தாங்கி, கத்தரித்துக் குட்டையாக வைக்கத் தோதானவை. ஆனால் அவற்றின் நடுவே தானியம் எடுக்க நினைத்தால் வரிசை இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். பனை தனி ரகம். தலை ஒடுக்கம், நிழல் ஓர் இடத்தில் நிற்காது, வரப்புக்கென்றே பிறந்தது. பிற்பாடு வெட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் நடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது.

ராஜஸ்தானில் கம்புக் காட்டுக்குள்ளேயே வன்னி மரத்தை விட்டு வைக்கிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே இருப்பது ஆழமான மணல், வன்னியின் வேர் வெகு ஆழம் போகும், இலையோ பொடி இலை. கம்பு அறுத்த பின் பனிக்காலத்தில் கிளைகளைக் கழித்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனமாக்குகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இதற்கும் ஒருபடி மேலே, மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு வறண்ட காலத்தில் துளிர்க்கும் ஒரு வேல மர இனம் கம்பு, சோளக் காடுகளில் நிற்கிறது. பயிர் இருக்கும்போது மரம் தூங்குகிறது. இரண்டு அடிக்குக் கீழே பாறையோ சுக்கானோ (சுண்ணாம்புக் கல்) கிடக்கும் நம் செம்மண்ணில் அதே மரத்தைக் கொண்டு வந்து நட்டால் அதே பலன் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அங்கே வேர் இறங்க இடமே இல்லை.

கன்றிலிருந்தே வேரைப் பழக்குவது

பாலித்தீன் பையில் வெகு நாள் நின்ற கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டிருக்கும். அதை அப்படியே நட்டால் மேலாகத்தான் பரவும். சுருண்ட நுனியை நறுக்கிவிட்டு நடுங்கள். வேம்பு, புளி, பனைக்கெல்லாம் விதையை நேராக ஊன்றுவது இன்னும் மேல். முதல் கோடையில் தண்ணீர் ஊற்றினால் தினமும் ஒரு செம்பு ஊற்றாதீர்கள். வாரம் ஒருமுறை குழி நிறைய ஊற்றுங்கள். மேலே நனைந்தால் வேர் மேலேயே தங்கும்.

முதல் வருடத்திலிருந்தே கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் விட்டு, அதுவரை வருடா வருடம் உழுங்கள். கலப்பை மேல் வேரை அறுத்துக்கொண்டே இருந்தால் மரம் கீழே இறங்கப் பழகும். நாலைந்து வருடம் தரிசாகப் போட்டுவிட்டுத் திடீரென்று தூர் வரை உழுதால் மரத்துக்கு அதிர்ச்சி, உங்களுக்குக் கலப்பைக் கொழு சேதம்.

வளர்ந்த மரத்துக்கு வேர்க் கால்வாய்

காலம் முக்கியம். ஆடிக் காற்று ஓய்ந்த பின், ஆவணியில் செய்யுங்கள். காற்றுக்கு முன் வேரை வெட்டினால் மரம் சாய்ந்துவிடும். கரிசல் என்றால் ஒரு சின்ன மழைக்காகக் காத்திருங்கள், காய்ந்த கரிசலில் மண்வெட்டி இறங்காது.

தூரிலிருந்து எவ்வளவு தள்ளி? நெஞ்சு உயரத்தில் மரத்தின் குறுக்களவைப் பார்த்து, அதைப் போல ஆறு மடங்காவது விடுங்கள். ஓர் அடிக் கனமுள்ள மரத்துக்கு ஆறடி. ஆழம் இரண்டடி, அகலம் ஓர் அடி. கட்டை விரல் கனத்துக்கு மேற்பட்ட வேரை மண்வெட்டியால் கிழிக்காமல் ரம்பத்தால் அறுங்கள். ஒரு வருடம் ஒரு பக்கம் மட்டும். எதிர்ப்பக்கம் அடுத்த வருடம். நீண்ட வரிசைக்கு ஆள் கூலி கட்டாது, உளிக்கலப்பையை டிராக்டரில் மாட்டி வரிசைக்கு இணையாக ஒரே சால் ஓட்டினால் ஒன்றேகால் அடி வரை அறுக்கும், அது போதுமானதே. ஜேசிபியை மட்டும் தூர் பக்கம் விடாதீர்கள், வாளி இழுக்கும் இழுப்பில் ஆணிவேரும் ஆடிவிடும்.

வெட்டிய கால்வாயை மண்ணால் மூடாமல் பருத்திமார், சோளத்தட்டை, சருகு போட்டு நிரப்புங்கள். ஓடி வரும் தண்ணீர் அதில் இறங்கி, மரத்துக்கு ஆழத்தில் போய்ச் சேரும். வேர் மறுபடி வரும். இரண்டு பருவம் கழித்து அதே கோட்டில் திரும்ப வெட்ட வேண்டியிருக்கும்.

கிளை கழிப்பது

இலைதான் மரத்தின் மோட்டார். இலை குறைந்தால் தண்ணீர் இழுப்பதும் குறையும், வெயிலும் கிடைக்கும். அதனால் விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், புரட்டாசித் தொடக்கத்தில் கழிப்பது சரி. கீழிருந்து மேலாக, மரத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். வேர்க் கால்வாய் வெட்டிய வருடம் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துவது நல்லது. கனமான கிளையை முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்து, அப்புறம் மேலிருந்து அறுத்தால் பட்டை உரிந்து தொங்காது. தழையை வயலிலேயே பரப்புங்கள், அல்லது ஆட்டுக்குப் போட்டு எருவை வாங்கிக்கொள்ளுங்கள்.

மரத்தை ஒட்டி என்ன விதைப்பது

முதல் மூன்று நாலு மீட்டரில் தானியத்தை மறந்துவிடுங்கள். விதையும் கூலியும் மிச்சம். அங்கே கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் போட்டால் மாட்டுக்கு ஆகும். அதற்கடுத்த பட்டையில் பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு. பாசிப்பயறு 65 நாளில் முடிந்துவிடும். மழை நின்று மண் காயத் தொடங்கி, மரம் மும்முரமாக உறிஞ்சும் நேரத்தில் அது களத்துக்கு வந்திருக்கும். சோளம், கம்பு, மக்காச்சோளம், பருத்தி, எள் எல்லாம் முழு வெயில் கேட்பவை. அவை நடு வயலுக்கு. மரத்தை ஒட்டிச் சோளம் போட்டால் குருவிக்கும் கிளிக்கும் வசதி, கதிரைக் கொத்திவிட்டுக் கிளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மரம் நிழலும் தரவில்லை, வேரும் விடவில்லை என்றாலும் இந்த நட்டம் உண்டு.

விதைக்கும்போது மரத்துப் பக்கம் அடர்த்தியைக் குறையுங்கள். 'அங்கேதான் முளைப்பு குறைவு, அள்ளி வீசு' என்று சொல்வார்கள். ஏற்கெனவே தண்ணீர் பற்றாத இடத்தில் செடி கூடினால் எல்லாமே மணி பிடிக்காமல் சாவியாகும்.

மரங்கள் ஒன்றோடொன்று கிளை தொட்டு, மூன்று பருவமாகத் தொடர்ந்து விதைச் செலவுகூடத் திரும்பவில்லை என்றால் அந்தப் பகுதியில் பயிரை நிறுத்திவிட்டு மேய்ச்சலுக்கு மாற்றுங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு அப்படிப்பட்டதுதான்: கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், காங்கேயம் மாடு. வெள்வேல் நெற்றும் தீவனம், நிழலும் மாட்டுக்கு. மரத்தை நெருக்கமாக நட்டவர்கள் பாதியை வெட்டி விற்றுவிட்டு மீதிக்கு அடியில் புல் விதையைத் தூவி, முதல் வருடம் மாட்டை உள்ளே விடாமல் இருந்தால் புல் பிடித்துக்கொள்ளும். எந்த மரத்தை வெட்டுவதாக இருந்தாலும் அனுமதி தேவைப்படுமா என்று வனத்துறையிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.